திட்டம் வரும்வரை காத்திருக்கலாமா?

இங்கிலாந்தில் பிள்ளைகள் 11 வயதில் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறார்கள். அதற்கான விண்ணப்பப் பாரத்தை ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில், அக்டோபர் 31ஆம் தேதிக்குள் உள்ளூராட்சி மன்றத்திடம் கொடுத்துவிட வேண்டும்.

ஆட்டிசம் போன்ற காரணங்களால் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு, 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, மன்றம் தனித் திட்டம் ஒன்றை வகுத்துத் தரலாம். பிள்ளை சேர வேண்டிய பள்ளியின் பெயரும் அதிலேயே இருக்கும். அரசு நிதி பெறும் பள்ளியானால், இடம் நிரம்பியிருந்தாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் காலத்தில்தான் இருக்கிறது. மதிப்பீடு கோரிய நாளிலிருந்து 20 வாரங்களுக்குள் திட்டம் முடிய வேண்டும் என்பது விதி. 2024இல் பாதிக்கும் குறைவான திட்டங்களே அந்தக் கெடுவுக்குள் கிடைத்தன. திட்டம்தான் வரப்போகிறதே என்று பாரத்தைக் கொடுக்காமல் விடும் பெற்றோர், மார்ச் 1ஆம் தேதி இடங்கள் அறிவிக்கப்படும்போது கையைப் பிசைந்து நிற்க நேரிடும்.

ஆகவே, இரண்டு வழிகளிலும் முயல்வதே அறிவுடைமை. பாரத்தில் குறைந்தது மூன்று பள்ளிகளைக் கேட்க இடமுண்டு. மருத்துவக் காரணங்களுக்கு முன்னுரிமை தரும் பள்ளியானால், மருத்துவரின் கடிதத்தையும் இணைக்கலாம்.

பின்னர் திட்டம் கைக்கு வந்தால், அதில் குறித்த பள்ளிக்கே பிள்ளை போகலாம். மதிப்பீட்டையே மன்றம் மறுத்தால், தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். முடிவு தாமதமானாலும், செப்டம்பரில் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது இந்தப் பிள்ளை மட்டும் வீட்டில் இருக்க வேண்டியதில்லை.