நோயுற்ற பல்லி ஏன் வெப்பத்தைத் தேடுகிறது?

கிருமி தாக்கினால் நம் உடல் தானே காய்ச்சலை உண்டாக்கிக்கொள்ளும். பல்லி இனங்களால் அப்படி முடியாது. அவை வெப்பத்தை வெளியிலிருந்தே பெறுகின்றன. அப்படியானால் அவற்றுக்குக் காய்ச்சலே வராதா?

வரும், ஆனால் நடந்துபோய் வாங்கிக்கொள்ள வேண்டும்! அமெரிக்க உடலியல் ஆய்வாளர் மேத்யூ குளூகர் குழுவினர் 1970களில் பாலை இகுவானா என்ற பல்லிகளுக்குப் பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். அவை வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிச் சென்று, உடல் வெப்பத்தைச் சுமார் 2 டிகிரி செல்சியஸ் உயர்த்திக்கொண்டன. அடுத்த சோதனையில் பாக்டீரியா செலுத்தப்பட்ட இகுவானாக்களை 34 முதல் 42 டிகிரி வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தபோது, அதிக வெப்பத்தில் இருந்தவையே அதிகம் பிழைத்தன. வெப்பம் கூடும்போது நோய் எதிர்ப்புச் செல்கள் சுறுசுறுப்பாகின்றன.

வீட்டில் வளரும் ஆஸ்திரேலியத் தாடி ஓணான் நோயுற்றால் என்ன செய்வது? கூண்டின் ஒரு முனை சூடாகவும் (சுமார் 40 டிகிரி) மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்கட்டும். தனக்கு வேண்டியதை அதுவே தேர்ந்தெடுக்கும். நகர முடியாத அளவு சோர்ந்திருந்தால் சூட்டிலிருந்து விலகவும் அதனால் முடியாது. அப்போது வெப்பமானியைப் பார்த்து, மிதமான சூட்டில் வைக்க வேண்டும். சூடேறும் கல் வேண்டாம், வயிறு வெந்துவிடக்கூடும்.

சாப்பிடவில்லையே என்று வாயில் திணிக்கக் கூடாது. உடல் குளிர்ந்திருந்தால் செரிமானம் சரியாக நடக்காது, உணவு வயிற்றிலேயே அழுகக்கூடும். முதலில் வெப்பம், பிறகு நீர், கடைசியில்தான் உணவு. மருந்து உடலிலிருந்து வெளியேறும் வேகமும் வெப்பத்தைப் பொறுத்ததே. அதனால் மருந்தின் அளவை ஊர்வனவற்றை அறிந்த கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.