கணிப்பொறியும் தமிழும்

மனிதன் தான் அறிந்தவற்றைத் தனக்குப் பின் வருவோர்க்கு விட்டுச்செல்ல விரும்புகிறான். அவ்விருப்பமே எழுத்தை வளர்த்தது. நம் முன்னோர் கல்லில் பொறித்தனர், செப்பேட்டில் வெட்டினர், பனையோலையில் எழுத்தாணியால் கீறினர். பின்னர் அச்சுப்பொறி வந்தது. இன்று கணிப்பொறி வந்துள்ளது. செய்திகளைத் திரட்டுதல், சேமித்தல், வேண்டும்போது தேடி எடுத்தல், தொலைவில் உள்ளார்க்கு நொடியில் அனுப்புதல் ஆகிய பணிகளைக் கணிப்பொறியின் துணைகொண்டு ஆற்றும் முறையே தகவல் தொழில்நுட்பம் எனப்படும்.

சென்னையின் தென்புறநகர்கள் இத்தொழிலின் வளர்ச்சியைக் கண்கூடாகக் காட்டுவன. ஒரு காலத்தில் தாம்பரத்தைச் சுற்றிலும் ஏரிகளும் கழனிகளும் இருந்தன. 1931-ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1984-ஆம் ஆண்டில் தாம்பரத்தில் ஏற்றுமதித் தொழில் மண்டலம் அமைந்தது. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. அதன்பின் பழைய மாமல்லபுரச் சாலையில், சோழிங்கநல்லூரையும் கடந்து சிறுசேரி வரையில், கணிப்பொறி நிறுவனங்கள் நிரல்பட எழுந்தன. அவற்றுள் பெரும்பாலான பணிகள் அயல்நாட்டார் பொருட்டு ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. ஆயினும் இதே நிலப்பகுதியில் தமிழுக்குரிய பணியொன்றும் அமைதியாக நடந்து வருகிறது. அதனை அறிவது நம் கடமையாகும்.

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். அவ்வெண்களையும் சுழி, ஒன்று என்னும் இரண்டு குறிகளால்தான் அது எழுதிக்கொள்ளும். ஆதலின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை வரையறுத்தல் இன்றியமையாதது. முன்னாளில் எழுத்துருவை ஆக்கியோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்தனர். அதனால் ஒரு பொறியில் எழுதிய கடிதம் மற்றொரு பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. இக்குறை நீங்க உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக ஒருங்குறி என்னும் முறை வகுக்கப்பெற்றது. 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழும் இடம் பெற்றது. அதன்படி அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965.

இங்கே இலக்கணம் கற்போர் நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ‘க்’ என்னும் மெய்யுடன் ‘அ’ என்னும் உயிர் சேர்ந்து ‘க’ ஆயிற்று என்பது நம் இலக்கண மரபு. ஒருங்குறியோ ‘க’ என்பதை முதலாகக் கொண்டு, அதன்மேல் புள்ளியைச் சேர்த்து ‘க்’ ஆக்குகிறது. நம் மரபு கூட்டிப் பெறுவதை இம்முறை முதலிலேயே வைத்துக்கொள்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் அளிக்கும் மற்றொரு முறையையும் ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழ்நாட்டரசு 2010-ஆம் ஆண்டில் ஏற்றது. அதற்கு முன்னரே 1999-ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பு உருவாயிற்று. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன.

எழுத்தைப் பொறியில் ஏற்றியபின் நூல்களை ஏற்றுதல் வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் திரட்டி, 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சேற்றியதை யாவரும் அறிவர். அவர் பெயரால் 1943-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நூல்நிலையம் பெசன்ட் நகரில் உள்ளது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய அச்சு நூல்களைக் காத்து வருகிறது. கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம், 2001-ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தோன்றியது. அது நூல்களையும் சுவடிகளையும் படமாக்கி, எந்நாட்டாரும் தம் இல்லத்திலிருந்தே காணுமாறு செய்துள்ளது.

படமாக்கிய ஏட்டை எழுத்தாகப் படிக்கக் கணிப்பொறிக்குக் கற்பித்தல் இன்றைய ஆராய்ச்சிகளுள் ஒன்று. இஃது எளிதன்று. ஓலையில் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று அஞ்சி, எழுதுவோர் புள்ளியை விட்டனர். அதனால் ‘கல்’ என்பதும் ‘கல’ என்பதும் ஒரே வடிவாய்த் தோன்றும். ‘கெடு’, ‘கேடு’ என்பவற்றுக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருத்தலின், ‘காடு’ என்று கொள்வதா, ‘கரடு’ என்று கொள்வதா என்னும் ஐயமும் எழும். முன்னும் பின்னும் நோக்கிப் பொருள் இயைபு கண்டே ஐயர் போன்ற அறிஞர் பாடம் துணிந்தனர். அவ்வாறு நோக்கும் திறனையே இன்று பொறிக்குப் புகட்ட முயல்கின்றனர்.

பேச்சைப் பற்றிய ஆராய்ச்சி மற்றொன்று. 1959-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் எழுத்தைப் பேச்சாக்கும் முயற்சி நெடுநாளாக நடைபெறுகிறது. கண்பார்வை இல்லார் நூலைச் செவியால் கற்க இது துணை செய்யும். ஆனால், ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் ஒரே வகையாக ஒலிக்கிறதா? உரக்கச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். எழுத்து ஒன்றாகவே இருக்க, அஃது இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுவதைப் பொறி கற்றாக வேண்டும்.

மூன்றாவது, பொருளுணர்தலும் மொழிபெயர்த்தலும் ஆகும். ‘அவன் வேலை எறிந்தான்’ என்னுமிடத்து ‘வேலை’ என்பது படைக்கலத்தைக் குறிக்கும். ‘அவனுக்கு வேலை கிடைத்தது’ என்னுமிடத்துத் தொழிலைக் குறிக்கும். இவ்வேறுபாட்டைப் பொறி எவ்வாறு அறிகிறது? கோடிக்கணக்கான சொற்றொடர்களைப் படித்து, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கணக்கிட்டு அறிகிறது. இதனைச் செயற்கை நுண்ணறிவின் ஒரு கூறு என்பர். முற்கூறிய தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஆய்வுக்குழு ஒன்று, இந்திய அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் உதவும் மொழிபெயர்ப்பு முறையை 2023-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

இங்கேதான் நாம் கவலைகொள்ள வேண்டிய இடம் உள்ளது. பொறி தான் படித்த அளவே அறியும். ஆங்கிலத்தில் அதற்குப் படிக்கக் கிடைப்பது கடலளவு. தமிழில் கிடைப்பது அதனினும் மிகக் குறைவு. பயிருக்கு நோய் கண்ட உழவரோ, மருந்தின் அளவை அறிய விரும்பும் மூதாட்டியோ தமிழில் வினவும்போது, பொறி பிழையான விடை தருமாயின் அதனால் விளையும் கேடு சிறியதன்று. மேலும், அறியாததையும் அறிந்ததுபோல் சரளமாகக் கூறும் இயல்பு இப்பொறிக்கு உண்டு. சொல் இனிமையாக இருப்பதனாலேயே பொருள் உண்மையாகிவிடாது. ஆதலின் அது கூறும் விடையை நூலோடும் அறிந்தோரோடும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கொள்ளுதல் வேண்டும்.

சுவடிக் காலத்தில் படியெடுக்கப்படாத நூல்கள் செல்லுக்கும் தீக்கும் இரையாயின. பல சுவடிகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. அவற்றுள் எத்தனை நல்ல நூல்கள் இருந்தனவோ! கணிப்பொறிக் காலத்திலும் அத்தகைய இழப்பு நேரலாம். பொறியில் ஏறாத நூலும் வட்டார வழக்கும் மெல்ல மெல்ல மறதியுள் மறையும். அவற்றை ஏற்றுவதற்குப் பொறியியல் மட்டும் போதாது. தமிழைப் பிழையின்றி எழுதவும், பழைய ஏட்டைப் படிக்கவும், சொல்லின் பொருளை ஆராயவும் வல்லவர் வேண்டும். கணிதமும் இலக்கணமும் ஒருங்கே கற்ற இளைஞர்க்கு இத்துறையில் மிகுந்த பணி காத்திருக்கிறது.

மாணவர்களே, உங்கள் ஊரில் மூத்தோர் வழங்கும் சொற்களைக் குறித்து வையுங்கள். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய நூலைத் தூசு தட்டி எடுத்துப் பாருங்கள். முன்னோர் படியெடுத்துக் காத்த தமிழே நம் கைக்கு வந்தது. அதனை அடுத்த தலைமுறையின் கையில் சேர்க்கும் பொறுப்பு இனி உங்களுடையது.