ஒட்டகச்சிவிங்கியின் உறக்கம்

நிலத்தில் வாழும் விலங்குகளுள் மிக உயரமானது ஒட்டகச்சிவிங்கி. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் இவ்விலங்கு ஏறத்தாழ 18 அடி உயரம் வரை வளரும். இத்துணைப் பெரிய உடலைச் சுமந்து திரியும் விலங்கு இரவில் நெடுநேரம் உறங்கும் என்றே நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மாறானது.

உயிரியல் பூங்கா ஒன்றில் ஒட்டகச்சிவிங்கிக் கூட்டத்தின் உறக்கத்தை அறிவியலாளர்கள் பல இரவுகள் கண்காணித்தனர். அவர்களின் ஆய்வு 1996ஆம் ஆண்டு வெளிவந்தது. அவ்விலங்குகள் ஒரு நாளில் ஏறத்தாழ நாலரை மணி நேரமே உறங்கின. அதுவும் தொடர்ச்சியான உறக்கம் அன்று. சிறுசிறு பகுதிகளாக அமைந்த கோழித்தூக்கமே. பகைவிலங்குகள் உலவும் காட்டில் அவை இன்னும் குறைவாகவே உறங்கும் எனக் கருதப்படுகிறது.

ஒட்டகச்சிவிங்கி நின்றபடியும் உறங்கும், படுத்தும் உறங்கும். படுக்கும்போது கால்களை உடலுக்கு அடியில் மடக்கிக்கொள்ளும். ஆனால் கழுத்தை நிமிர்த்தியே வைத்திருக்கும். ஆழ்ந்து உறங்கும்போது மட்டும் நீண்ட கழுத்தைப் பின்புறமாக வளைத்துத் தலையைத் தன் பின்னுடல்மீது சாய்த்துக்கொள்ளும். அந்த ஆழ்ந்த உறக்கம் சில நிமிடங்களே நீடிக்கும்.

இதற்குக் காரணம் என்ன? நிற்கும் ஒட்டகச்சிவிங்கியைச் சிங்கமும் எளிதில் நெருங்காது. அதன் வலிய உதை சிங்கத்தையும் கொல்ல வல்லது. ஆனால் படுத்திருக்கும்போது அந்த வலிமை பயன்படாது. நீண்ட கால்களை ஊன்றி, கழுத்தை முன்னும் பின்னும் வீசியே அது எழவேண்டும். அந்தச் சில நொடிகளில் உயிரே போய்விடலாம். மேலும், இலைகளைத் தேடி உண்பதிலும் அசைபோடுவதிலும் அதன் பொழுதில் பெரும்பகுதி கழிகிறது. இளங்கன்றுகளோ பெரியவற்றைவிட மிகுதியாக ஆழ்ந்து உறங்குகின்றன.

கொல்கத்தா, மைசூர் உயிரியல் பூங்காக்களில் ஒட்டகச்சிவிங்கிகளைக் காணலாம். அங்கே சிங்கத்தைப் பற்றிய அச்சம் இல்லை. எனினும், எச்சரிக்கையோடு உறங்கும் பழக்கம் பூங்காவில் வாழும் ஒட்டகச்சிவிங்கிகளையும் விட்டு நீங்கவில்லை. ஒவ்வோர் உயிரும் தான் வாழும் சூழலுக்கேற்பவே ஓய்வு கொள்கிறது.

சொற்பொருள்
கோழித்தூக்கம் – அடிக்கடி கலையும் சிறு தூக்கம்
அசைபோடுதல் – விழுங்கிய உணவை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லுதல்
வல்லது – ஆற்றல் உடையது

விடையளிக்க
1. ஆழ்ந்து உறங்கும் ஒட்டகச்சிவிங்கி தன் தலையை எங்கே சாய்த்துக்கொள்கிறது?
2. படுத்து உறங்குவது அதற்கு ஏன் ஆபத்தானது?
3. நீ அறிந்த வேறொரு விலங்கு உறங்கும் முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.