வேலைக்குப் பள்ளியின் பெயர் போதுமா?

“எந்தப் பள்ளியில் படித்தாய்?” என்பது வேலை தேடிச் செல்வோரிடம் பல இடங்களில் கேட்கப்படும் கேள்வி. இவ்வாண்டு பத்தாம் வகுப்பை முடிக்கும் நாங்களும் இதை எண்ணிப் பார்க்கிறோம். கான்வென்ட் என்றதும் சிலருடைய முகம் மலர்கிறது. ஊர்ப் பள்ளி என்றால் அதே முகம் வாடுகிறது. இது முறைதானா?

முதலில் அரசு என்ன செய்கிறது என்று காண்போம். சென்னை மாகாணத்தில் 1929-ஆம் ஆண்டிலேயே பணியாளர் தேர்வாணையம் தோன்றிவிட்டது. அதன் வழிவந்ததே இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். அது நடத்தும் குரூப் 4 தேர்வின் மூலம் கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் முதலியோர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இப்பணிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே குறைந்த அளவு கல்வித் தகுதி. நேர்முகத் தேர்வு கிடையாது. எழுத்துத் தேர்வில் பெறும் மதிப்பெண்ணே பேசும். பள்ளியின் பெயருக்கென்று ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

ஆயினும் படித்த மொழிக்கு அங்கே இடமுண்டு. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசின் நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010-ஆம் ஆண்டு வந்தது. பள்ளிப் படிப்பை ஆங்கிலத்தில் முடித்துப் பட்டத்தை மட்டும் தமிழில் பெற்றவரும் அப்போது இச்சலுகையைப் பெற முடிந்தது. ஆகவே 2020-ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. இப்போது முதல் வகுப்பிலிருந்து அப்பணிக்குரிய கல்வித் தகுதி வரை தமிழிலேயே படித்திருக்க வேண்டும். அதற்குப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றிதழ் தர வேண்டும்.

ஆங்கில வழியில் பயிலும் தோழியருக்கு இந்த 20 விழுக்காட்டில் இடமில்லை என்பதால் சில பெற்றோர் வருந்துகின்றனர். ஆனால் கிராமத்துப் பிள்ளைகளில் பலர் தமிழ்வழியில்தான் படிக்கின்றனர். தனியார் அலுவலகங்களில் ஆங்கிலம் தெரியவில்லை என்று ஒதுக்கப்படுவோரும் அவர்களே. அவர்களுக்கும் ஒரு வழி வேண்டாமா?

நல்ல பள்ளி ஒழுக்கத்தையும் காலந்தவறாமையையும் கற்பிக்கிறது என்று பெரியோர் கூறுவர். அது உண்மையே. எங்கள் அருட்சகோதரியரிடம் நாங்கள் பெற்றதும் அதுவே. ஆனால் அக்குணங்கள் வேறு பள்ளிகளிலும் உண்டு. ஒரு கடிதம் எழுதச் சொன்னால், ஒரு கணக்கைப் போடச் சொன்னால், ஒருத்தியின் திறமை ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஒக்கூரில் பிறந்த சிறுமி எந்தப் பள்ளியில் சேர்வாள் என்பதை வீட்டின் வருமானமும் பேருந்து வசதியும் முடிவு செய்கின்றன. ஐந்து வயதில் பெற்றோர் செய்த முடிவை இருபது வயதில் அவளுடைய தகுதியாகக் கொள்வது நியாயமாகுமா?

நம் ஊரின் பெயரைத் தாங்கிய சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியார் யாரிடம் கற்றார் என்பதை யாரும் அறியார். அவர் பாடிய எட்டுப் பாடல்களே அவருடைய புலமைக்குச் சான்று.

ஆகவே தோழியரே! பள்ளியின் பெயரால் நாம் பெருமை பெறுவதோடு நின்றுவிடாமல், நம் உழைப்பால் பள்ளிக்குப் பெருமை சேர்ப்போம். நாளை நம்மில் ஒருத்தி பிறருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தால், எதிரே நிற்பவளிடம் “உனக்கு என்ன செய்யத் தெரியும்?” என்று முதலில் கேட்போமாக!