ஞாயிற்றருகே ஒரு சோதனை

ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்லும். வானொலி அலையும் அதே விரைவினது. இவ்வலை ஞாயிற்றின் அருகே செல்லுங்கால் சிறிது தாமதமுறல் வேண்டும் என்பது, 1915ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் வகுத்த பொதுச் சார்புக் கொள்கையினின்றும் பெறப்படும் முடிவாகும். ஞாயிற்றின் பெரும் பொருண்மை, தன்னைச் சூழ்ந்த வெளியையும் காலத்தையும் வளைத்துவிடுகிறது. அவ்வளைவைக் கடக்கும் அலைக்குக் காலம் மிகுதியாக வேண்டுமன்றோ?

கொள்கை எத்துணை அழகியதாயினும், உரைகல்லில் ஏறாதவரை அது கருத்தளவே. 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது, விண்மீன்களின் ஒளி ஞாயிற்றருகே வளைதலை ஆங்கில வானியலார் கண்டனர். அலையின் தாமதத்தையும் அளக்கலாம் என்று 1964ஆம் ஆண்டில் கூறியவர் அமெரிக்க அறிஞர் இர்வின் ஷாபிரோ. புதனோ வெள்ளியோ ஞாயிற்றுக்குப் பின்னே மறையும் தறுவாயில், அதன்மீது ராடார் அலையைச் செலுத்தி, மீண்டுவரும் அலையை எதிர்நோக்குதல் அவர் கண்ட வழி. அலை சென்று மீள இருபது நிமிடத்திற்கு மேலாகும். தாமதமோ நொடியில் 5,000இல் ஒரு பங்கே! மாசச்சூசெட்சு மாநிலத்து ஹேஸ்டேக் நிலையத்தார் சில ஆண்டுகளில் அதனை அளந்தும் காட்டினர். எனினும் கோள்களின் மேடுபள்ளங்கள் கணக்கைக் குலைத்தன. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் தாமே மறுமொழி அனுப்பியமையால் அவ்விடர் நீங்கிற்று.

நீங்காத இடர் ஒன்று எஞ்சியது. ஞாயிற்றைச் சூழ்ந்து மின்னூட்டம் பெற்ற மெல்லிய ஆவிப்படலம் பரந்துள்ளது. அதுவும் அலையைத் தாமதிக்கச் செய்யும். ஈர்ப்பின் செயல் எது, படலத்தின் செயல் எது எனப் பிரித்தறிவது எங்ஙனம்?

விடை, சனிக்கோளை நோக்கி 1997இல் ஏவப்பெற்ற காசினி என்னும் கலத்தால் கிடைத்தது. 2002ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள், புவிக்கும் கலத்துக்கும் ஏறக்குறைய நடுவே ஞாயிறு அமைந்தது. அலை, ஞாயிற்றின் மையத்திற்கு ஏறத்தாழ 11 இலட்சம் கிலோமீட்டர் அணுக்கத்தில் சென்றது. பெர்த்தோட்டி, இயெசு, தொர்த்தோரா என்னும் இத்தாலிய அறிஞர் மூவர் அவ்வாய்ப்பைப் பயன்படுத்தினர். கலத்திலிருந்து மீண்ட அலைகளுள் ஒருவகை நொடிக்கு 840 கோடி முறையும், மற்றொருவகை ஏறத்தாழ 3,200 கோடி முறையும் அதிர்ந்தன. ஆவிப்படலம் விரைந்து அதிரும் அலையைச் சிறிதே தாக்கும். மெல்ல அதிர்வதை மிகுதியாகத் தாக்கும். ஈர்ப்போ இரண்டையும் ஒரு தன்மையவாகவே நடத்தும். ஆதலின் இருவகையையும் ஒப்பிட்டு, பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம்போல, ஒன்றினின்றும் மற்றொன்றைப் பிரித்தனர். இந்நுட்பமே இச்சோதனையின் உயிர்நிலை எனலாம்.

கலிபோர்னியப் பாலைநிலத்திலுள்ள கோல்ட்ஸ்டோன் நிலையத்தில், 34 மீட்டர் குறுக்களவுடைய அலைவாங்கி அவ்வலைகளை ஏற்றது. நம் வளிமண்டலத்து நீராவியும் அலையைத் தடுக்குமாதலின், அதனையும் அளந்து கழித்தனர். அவர்கள் தாமதத்தை நேரே அளந்திலர். அலை ஞாயிற்றை நெருங்கி விலகுகையில் அதன் அதிர்வெண்ணில் நேரும் மாற்றத்தையே அளந்தனர்.

முடிவு 2003இல் வெளியாயிற்று. ஐன்ஸ்டீனின் கணக்கு, ஓரிலட்சத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு என்னும் பிழை எல்லைக்குள் பொருந்தியிருந்தது. சிறு பிறழ்ச்சியேனும் உறுதிப்பட்டிருப்பின், அக்கொள்கையைத் திருத்த நேர்ந்திருக்கும். இதனினும் நுண்ணிய அளவில் பிறழ்ச்சி இருத்தல் கூடும் எனக் கருதும் அறிஞரும் உளர். புதனை நோக்கி 2018இல் ஏவப்பெற்ற பெபிகொலம்போ கலத்திலும் இத்தகைய அலைக்கருவி பொருத்தப்பெற்றது.