போனில் தெரியும் நம்பரை எழுதுவது யார்? இன்டர்நெட் அழைப்பின் 'சிக்னலிங்' ரகசியம்!

"சிபிஐ-யில இருந்து பேசுறோம். உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு."

இப்படி மிரட்டும் அழைப்பு வரும்போது திரையில் தெரிவது +91-ல் தொடங்கும் நம்பர். நம்ம நாட்டு நம்பர்தானே என்று எடுத்துப் பேசி, வாழ்நாள் சேமிப்பையே இழந்தவர்கள் உண்டு. ஆனால் அழைத்தவர் பெரும்பாலும் இந்தியாவிலேயே இல்லை. அப்படியென்றால் அந்த +91 நம்பர் திரையில் எப்படி வந்தது?

இது எவ்வளவு பெரிய பிரச்னை என்பதற்கு மத்திய அரசே சொன்ன ஒரு கணக்கு இருக்கிறது. போலி நம்பர்களுடன் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபர் 22-ம் தேதி ஒரு புதிய அமைப்பு தொடங்கப்பட்டது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி அழைப்புகள் போலி எனக் கண்டறிந்து தடுக்கப்பட்டன. இந்திய நம்பருடன் வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்புகளில் இது 90 சதவீதம்!

இதைப் புரிந்துகொள்ள, ஒரு போன் கால் எப்படித் தொடங்குகிறது என்று தெரிய வேண்டும்.

பேச்சுக்கு முன் ஒரு பேச்சு

நீங்கள் நம்பரைத் தட்டியதும் குரல் உடனே கிளம்பிப் போய்விடாது. முதலில் இரண்டு பக்கத்துக் கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். 'ஒரு கால் வந்திருக்கு, எடுக்குறீங்களா?', 'இருங்க, மணி அடிக்குது', 'எடுத்துட்டாங்க, பேசலாம்' என்று நடக்கும் இந்தப் பரிமாற்றத்துக்குப் பெயர்தான் சிக்னலிங்.

இன்டர்நெட் வழி அழைப்புகளில் இதற்கு அதிகம் பயன்படும் விதிமுறை 'செஷன் இனிஷியேஷன் புரோட்டோகால்'. சுருக்கமாக எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் பணம் போடுகிற எஸ்.ஐ.பி. வேறு, இது வேறு!) 1999-ல் வெளியான இது 2002-ல் திருத்தி எழுதப்பட்டது. அந்த வடிவம்தான் இன்றும் அடிப்படை. இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்னிங் ஷுல்ஸ்ரின்.

'நான் இன்டர்நெட் கால் எல்லாம் பேசுறதே இல்லையே' என்கிறீர்களா? உங்கள் 4ஜி போனில் 'வோல்டி' என்ற அடையாளம் தெரிகிறதா பாருங்கள். அந்த அழைப்பும் உள்ளுக்குள் எஸ்.ஐ.பி. வழியாகத்தான் போகிறது.

இன்வைட்... ரிங்கிங்... ஓகே

அழைக்கும் கருவி முதலில் அனுப்புவது 'இன்வைட்', அதாவது அழைப்பிதழ். நடுவில் இருக்கும் சர்வர் '100 டிரையிங்' என்கிறது: முயற்சி செய்கிறேன், பொறுங்கள். எதிர்ப்பக்கம் போன் அடிக்கத் தொடங்கியதும் '180 ரிங்கிங்' வரும். எடுத்துவிட்டால் '200 ஓகே'. அது கிடைத்தது என்பதற்கு இந்தப் பக்கமிருந்து ஒரு 'ஆக்'. வைக்கும்போது 'பை'. அவ்ளோதான்.

வேறு ஒரு காலில் இருந்தால் 486. அப்படி ஒரு நம்பரே இல்லையென்றால் 404. இந்த 404-ஐ எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? இணையதளப் பக்கம் காணாமல் போனால் வருமே, அதே எண்தான். வெப் பக்கங்களுக்கான விதிமுறையைப் பார்த்துத்தான் எஸ்.ஐ.பி-யை வடிவமைத்தார்கள்.

இதில் எங்குமே குரல் இல்லை என்பதைக் கவனியுங்கள். குரல் தனிப் பாதையில், வேறொரு விதிமுறைப்படி போகிறது. எந்த முகவரிக்கு அனுப்புவது, எந்த வடிவத்தில் அனுப்புவது என்பதை மட்டும் இன்வைட்டும் ஓகேவும் சேர்ந்து முடிவு செய்யும். சில நேரம் ரிங் நன்றாகப் போகும், எடுத்தால் 'ஹலோ ஹலோ' என்று நாம் மட்டும் கத்திக்கொண்டிருப்போம். இன்டர்நெட் போன்களில் இதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்த இரட்டைப் பாதைதான். சிக்னலிங் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும், குரல் போகும் பாதை நடுவில் எங்காவது அடைபட்டிருக்கும்.

ஓட்டை எங்கே இருக்கிறது?

இன்வைட் என்பது வெறும் எழுத்து. 'பெறுநர்' ஒரு வரி, 'அனுப்புநர்' ஒரு வரி. இன்லேண்ட் லெட்டர் மாதிரியே! கடிதத்தின் பின்பக்கம் அனுப்புநர் முகவரியில் நீங்கள் என்ன எழுதினாலும் தபால்காரர் அதைச் சரிபார்க்க மாட்டார். பெறுநர் முகவரி சரியாக இருந்தால் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். எஸ்.ஐ.பி-யிலும் இதே கதைதான்.

ஆனால் சாதாரண சிம் வைத்திருப்பவர் இப்படி நம்பரை மாற்ற முடியாது. உங்கள் சிம்மை உங்கள் நிறுவனத்துக்குத் தெரியும். அதுவே சரியான நம்பரைப் போட்டுவிடும். சிக்கல் மொத்தமாக இணைப்பு வாங்குபவர்களிடம் இருக்கிறது. கால் சென்டரின் போன் சர்வரே அனுப்புநர் வரியை எழுதி அனுப்பும். அதற்கு நியாயமான காரணமும் உண்டு. ஒரு பெரிய மருத்துவமனையில் நூறு இணைப்புகள் இருந்தாலும், வெளியே ஒரே வரவேற்பு நம்பர் தெரிந்தால்தானே நோயாளிகளுக்கு வசதி?

அந்த வசதியைத்தான் மோசடிக் கும்பல் பயன்படுத்துகிறது. வெளிநாட்டில் கட்டுப்பாடு குறைந்த ஒரு சிறு நிறுவனத்திடம் இணைப்பு வாங்கி, அனுப்புநர் வரியில் ஒரு +91 நம்பரை எழுதிவிடும். அந்த அழைப்பு ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு, அதனிடமிருந்து மற்றொன்றுக்கு எனக் கைமாறி இந்தியா வருகிறது. 'முந்தையவர் பார்த்திருப்பார்' என்று ஒவ்வொருவரும் நம்பி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு சில பெரிய தொலைபேசித் துறைகள் மட்டுமே இருந்த காலத்தில் இந்த நம்பிக்கை செல்லுபடியானது. இன்று சர்வரும் இன்டர்நெட்டும் இருந்தால் யாரும் இந்தச் சங்கிலிக்குள் நுழையலாம்.

இந்தியா எப்படித் தடுக்கிறது?

யோசனை எளிமையானது. வெளிநாட்டிலிருந்து +91 நம்பரில் அழைப்பு வர நியாயமான காரணம் அநேகமாக ஒன்றுதான்: அந்த சிம் வைத்திருப்பவர் ரோமிங்கில் வெளிநாட்டில் இருக்க வேண்டும். எனவே அழைப்பு நாட்டுக்குள் நுழையும் வாசலிலேயே, 'இந்த நம்பர் இப்போ ரோமிங்கில் இருக்கிறதா?' என்று உரிய நிறுவனத்திடம் கேட்கப்படுகிறது. இல்லை என்றால் அழைப்பு அங்கேயே முடிந்தது. லேண்ட்லைன் நம்பர் என்றால் இந்தக் கேள்வியே தேவையில்லை, அது எங்கே வெளிநாடு போகப் போகிறது?

அமெரிக்கா வேறு வழியில் போனது. அழைப்பைத் தொடங்கும் நிறுவனமே 'இந்த நம்பருக்கு நான் பொறுப்பு' என்று டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு 2021 ஜூன் 30 கெடு விதிக்கப்பட்டது. இந்த முறைக்கு 'ஸ்டிர்/ஷேக்கன்' என்று பெயர். ஜேம்ஸ் பாண்டின் பிரபல மது வசனத்தை வைத்து விளையாடியிருக்கிறார்கள்!

ஆனால் கையெழுத்துப் போடுபவர் கண்ணை மூடிக்கொண்டு போட்டால்? 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில், 'ஓட்டுப் போடப் போகாதீர்கள்' என்று அதிபர் ஜோ பைடன் குரலில் ஏஐ போலி அழைப்புகள் வந்தன. திரையில் தெரிந்தது வேறொருவரின் நம்பர். அந்த அழைப்புகளைச் சுமந்த நிறுவனம், அவற்றுக்கு உச்சபட்ச நம்பகத்தன்மையைக் குறிக்கும் 'ஏ' தரக் கையெழுத்தைப் போட்டிருந்தது! பின்னர் அந்த நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்டியது. அழைப்புகளுக்கு ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

வாசலை அடைத்தால் ஜன்னல்

இந்திய ஏற்பாட்டிலும் ஜன்னல் இருக்கிறது. அதன் பெயர் சிம் பாக்ஸ். ஏராளமான சிம்களைச் செருகக்கூடிய ஒரு பெட்டியை வாடகை வீட்டில் வைத்துவிடுவார்கள். வெளிநாட்டு அழைப்பு சாதாரண டேட்டாவாக இன்டர்நெட்டில் வந்து, அந்தப் பெட்டியில் உள்ள சிம் வழியாக உள்ளூர் அழைப்பாக வெளியேறும். இதில் நம்பர் போலியில்லை, உண்மையான இந்திய சிம்தான்! அதனால் வாசலில் நடக்கும் ரோமிங் சோதனையில் இது சிக்காது. சட்டவிரோத தொலைபேசி இணைப்பகம் சிக்கியது என்று அவ்வப்போது வரும் செய்திகள் இதைப் பற்றியவைதான். இன்னொருவர் பேரில் வாங்கிய சிம்கள் இங்கேதான் போய்ச் சேருகின்றன. உங்கள் பேரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யலாம்.

சந்தேகமான அழைப்பு வந்து, பணம் எதுவும் போகவில்லை என்றால் அதே தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டால் சக்ஷுவில் நேரத்தைச் செலவிடாமல் உடனே 1930-க்கு அழையுங்கள். மோசடி செய்தவர்கள் பணத்தை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றுவதற்குள் முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கிறது.