கூழ்த்தொட்டியும் வெப்பமானியும்

ஆய்வுகூடத்திலே பிறந்த உண்மைகள் பின்னர்த் தொழிற்கூடத்துக்குச் சென்று பயன் விளைக்கின்றன என்பது பெரும்பாலோர் கொண்டுள்ள எண்ணமாகும். இஃது ஒரு பாதி உண்மையேயாம். தொழிற்கூடத்திலே கைவினைஞர் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளே பல வேளைகளில் விஞ்ஞானத்துக்கு வினாக்களையும் கருவிகளையும் வழங்கியுள்ளன. இதற்குத் தக்கதொரு சான்று, மேனாட்டார் வாற்கோதுமையிலிருந்து பியர் எனும் பானத்தை ஆக்கும் தொழிலிலே காணப்படுகின்றது. கள்ளுண்ணாமைக்கெனத் திருக்குறள் ஓரதிகாரம் வகுத்துள்ளது. அதனைப் போற்றுவோரும் அத்தொழிலின் பொறிமுறையை அறிந்துகொள்வதில் இழுக்கொன்றுமில்லை. வெப்பவியலையும் இரசாயனத்தையும் இன்று பயிலும் மாணவர், தாம் அறியாமலே அத்தொழிலின் ஒரு பாத்திரத்துக்குக் கடன்பட்டுள்ளனர். அப்பாத்திரமே கூழ்த்தொட்டி.

வாற்கோதுமை மணியின் பெரும்பகுதி மாப்பொருளாகும். மதுவம் எனப்படும் நுண்ணுயிர் வெல்லத்தை நொதிக்கச் செய்யுமேயன்றி மாப்பொருளை நொதிக்கச் செய்யமாட்டாது. ஆகவே மாப்பொருளை முதலில் வெல்லமாக மாற்றுதல் வேண்டும். இதற்காக மணிகளை நீரில் ஊறவைத்து, முளைவிடச் செய்து, பின்னர்ச் சூளையில் உலர்த்துவர். இவ்வாறு பெறப்படுவது மோல்ற்று. முளைக்கும்போது மணியினுள்ளே நொதியங்கள் தோன்றுகின்றன. மோல்ற்றை உடைத்து வெந்நீருடன் கலந்து ஒருமணி நேரம் வரை வைத்தால், அந்நொதியங்கள் மாப்பொருளைச் சிதைத்து வெல்லமாக்குகின்றன. இவ்வினையைக் கூழ்பிசைதல் எனலாம். இதன் முடிவில் வடித்தெடுக்கப்படும் இனிப்புச்சாறே ஹொப் பூவுடன் கொதிக்கவைக்கப்பட்டு, ஆறியபின் மதுவத்திடம் ஒப்படைக்கப்படும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வினை உண்மையில் மிக நுட்பமானது. மாப்பொருளைத் தாக்கும் நொதியங்களுள் இரண்டு முதன்மையானவை. பீற்றா அமிலேசு என்பது மாப்பொருட் சங்கிலியின் நுனியிலிருந்து மோல்ற்றோசு வெல்லத்தை ஒவ்வொரு மூலக்கூறாக வெட்டியெடுக்கும். அது 60 முதல் 65 பாகை செல்சியசு வரையில் நன்கு தொழிற்பட்டு, அதற்கு மேலே விரைவில் அழியும். அல்பா அமிலேசு என்பது சங்கிலியை இடைநடுவே துணிக்கும். 70 பாகையையும் கடந்து நின்று தொழிற்படும். வாற்கோதுமையின் மாப்பொருளோ 60 பாகையை அணுகும்போதுதான் இளகி நொதியத்துக்கு இடங்கொடுக்கத் தொடங்கும். எனவே கூழின் வெப்பநிலை 63 பாகையாயின் நொதிக்கத்தக்க வெல்லம் மிகும்; 70 பாகையாயின் நொதியாத எச்சம் மிகுந்து பானம் தடிப்பாகும்; 50 பாகையாயின் மாப்பொருளிற் பெரும்பகுதி மாறாது நிற்கும்; 80 பாகையாயின் நொதியங்களே மாய்ந்துவிடும். ஏழெட்டுப் பாகை வேறுபாட்டிலே ஒரு தொட்டிச் சரக்கின் இயல்பு முற்றாக மாறுபடுகின்றதென்பதைக் கருதுக.

ஆதலின் நல்ல கூழ்த்தொட்டி மூன்று பணிகளைச் செய்தல் வேண்டும். குறித்த வெப்பநிலையைப் பெற்று அதனைக் காத்தல் ஒன்று. மாவும் நீரும் கட்டிபடாது எங்கும் ஒரே தன்மையாகக் கலக்கச் செய்தல் இரண்டு. சாற்றைச் சக்கையினின்றும் தெளிவாகவும் முழுமையாகவும் பிரித்தல் மூன்று. கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் இப்பாத்திரத்தில் ஏற்பட்ட திருத்தங்கள் யாவும் இம்மூன்றனுள் ஒன்றைப் பற்றியனவே.

பழைய ஆங்கிலத் தொட்டி வட்டமான மரத்தாழியாகும். அடியிலே சற்று உயரத்தில் துளைத்தட்டு ஒன்று அமைந்திருக்கும். ஆட்கள் நீண்ட துடுப்புகளாற் கூழைக் கிளறுவர். வெப்பத்தை அளக்கக் கருவி இல்லை. கொதித்த நீர் ஆறிவரும்போது ஆவி விலகி, நீர்ப்பரப்பிலே வினைஞனின் முகம் தெளிவாகத் தோன்றும் வேளையே மாவைச் சேர்ப்பதற்கு ஏற்ற வேளையெனக் கொள்ளப்பட்டது. குளிர்காலத்திலும் கோடைகாலத்திலும் ஆவி ஒரே வெப்பநிலையில் விலகுவதில்லை. ஆகவே ஒருமுறை நன்றாக அமைந்த சரக்கு மறுமுறை கெட்டது. கெட்டதன் காரணமும் எவருக்கும் விளங்கவில்லை.

இதே இடர்ப்பாட்டை மத்திய ஐரோப்பிய வினைஞர் வேறொரு வழியால் வென்றனர். கூழின் ஒரு பகுதியை வேறாக எடுத்துக் கொதிக்கவைத்து மீண்டும் தொட்டியிற் சேர்ப்பதே அவ்வழி. 50 பாகையிலுள்ள கூழின் நான்கிலொரு பங்கைக் கொதிநிலைக்குக் கொணர்ந்து எஞ்சிய மூன்று பங்குடன் கலந்தால், கலவையின் வெப்பநிலை ஏறக்குறைய 62 பாகையாகும் என்பதை வெப்பக் கணக்குப் பயின்ற மாணவர் எளிதிற் காண்பர். நீரின் கொதிநிலை ஒரிடத்தில் ஏறத்தாழ மாறாது நிற்பது. அதனையே அளவுகோலாகக் கொண்டு, பங்கு விகிதத்தால் வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்தினர். வெப்பமானி இல்லாத காலத்திலும் அம்முறையினுள்ளே ஓர் அளவை மறைந்து நின்றது. எழுத்திலே வடிக்கப்படாத கைவினையறிவை எளிதாக எண்ணலாகாது என்பதற்கு இஃதொன்றே போதும்.

பரனைற்று என்பார் 1714ஆம் ஆண்டளவில் நம்பத்தக்க இரச வெப்பமானியை ஆக்கினார். எனினும் அது கூழ்த்தொட்டியை அடைய அரை நூற்றாண்டு சென்றது. இலண்டன் வினைஞர் மைக்கேல் கோம்புரூன் 1758இலும் 1762இலும் வெளியிட்ட நூல்களில், இத்தொழிலுக்கு வெப்பமானி இன்றியமையாதது என விளக்கினார். பழகிய கை புதிய கருவியை எளிதில் ஏற்பதில்லை. ஹம்சயரைச் சேர்ந்த ஜேம்ஸ் பாவர்ஸ்ரொக் எனும் இளைஞர், தம் தந்தையார் விரும்பாமையால் வெப்பமானியை மறைவாகவே பயன்படுத்த நேர்ந்தது. பின்னர் அவர் நீரமானியையும் இத்தொழிலிற் பயன்படுத்தி, அதனை இலண்டனின் பெருந்தொழிலதிபரான சாமுவேல் விற்பிறெட்டிடம் காட்டினார். அவரோ அதனைப் பொருட்படுத்தாது அனுப்பிவிட்டார்.

வெப்பமானியின் பயனை ஒரு கணக்கால் உணரலாம். 15 பாகையிலுள்ள ஒரு கிலோகிராம் மோல்ற்றுடன் இரண்டரைக் கிலோகிராம் நீரைக் கலந்து 66 பாகையுள்ள கூழைப் பெறுதல் வேண்டும் எனக் கொள்வோம். உலர்ந்த மோல்ற்றின் தன்வெப்பம் நீரினதில் ஏறத்தாழ ஐந்திலிரு பங்கு. மோல்ற்றுப் பெறும் வெப்பம் நீர் இழக்கும் வெப்பத்துக்குச் சமனென எழுதினால், நீர் ஏறக்குறைய 74 பாகையில் இருத்தல் வேண்டும் என்பது பெறப்படும். தொட்டியும் வெப்பத்தை உறிஞ்சும். ஆதலின் அதனை முன்கூட்டியே வெந்நீராற் சூடாக்குவர். முகம் பார்த்து வேளை குறித்த தொழில் இவ்வாறு சமன்பாடு எழுதும் தொழிலாயிற்று.

வெப்பமானி தொட்டியினுள்ளே நிகழ்வதைக் கட்டுப்படுத்த உதவியது. தொட்டியிலிருந்து எவ்வளவு பெறப்பட்டது என்பதைக் காட்டியது நீரமானி. வெல்லம் மிகமிகச் சாற்றின் தன்னீர்ப்பு உயரும். மிதக்கும் கருவியும் உயர்ந்து நிற்கும். ஹல் நகரைச் சேர்ந்த ஜோன் றிச்சர்ட்சன் இத்தொழிலுக்கெனவே வெல்லமானியை அமைத்து 1784இல் அதன் பயனை நூலாக வெளியிட்டார். அதன் விளைவு எவரும் எதிர்பாராதது. கருநிறச் சரக்குக்கு அதுகாறும் பயன்பட்ட கபில மோல்ற்று விலை மலிவானதெனக் கருதப்பட்டது. வெல்லமானி கொண்டு அளந்தபோது, கபில மோல்ற்றிலும் வெளிறிய மோல்ற்றே மிகுதியான சாறு தருகின்றதென்பதும், கொடுத்த பணத்துக்கு அதுவே இலாபமானதென்பதும் வெளியாயின. நாவும் கண்ணும் தலைமுறை தலைமுறையாகக் காணாததை மிதக்கும் சிறு கருவி காட்டிற்று. வினைஞர் வெளிறிய மோல்ற்றுக்கு மாறினர். இழந்த நிறத்தை ஈடுசெய்ய, டானியல் வீலர் என்பார் 1817இல் மோல்ற்றை உருளையில் வறுக்கும் முறைக்கு உரிமைப்பத்திரம் பெற்றார்.

இனி இரண்டாவது பணியாகிய கலத்தலை நோக்குவோம். உலர்ந்த மா வெந்நீரில் விழுந்தவுடன் புறத்தே பசைபோலாகிக் கட்டிபடும். உள்ளே நீர் புகாது. கூழ் காய்ச்சும் அடுக்களையிலும் இது நிகழ்வதே. அக்கட்டியினுள்ளிருக்கும் மாப்பொருள் வீணாகும். சிறு தொட்டியிலே துடுப்பு இதனைத் தீர்க்கும். இலண்டனின் பெருந்தொட்டிகளிலோ மனிதர் கை போதாது. எனவே தொட்டியினுள்ளே சுழலும் வாரிகள் அமைக்கப்பட்டன. அவற்றைக் குதிரைகளும், பின்னர் நீராவிப் பொறியும் இயக்கின. நீரமானியைப் புறக்கணித்த அதே விற்பிறெட் 1785இல் போல்ற்றன், வாற்று ஆகியோரின் பொறியைத் தமது சாலையில் நிறுவினார். 1787இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் அச்சாலையைப் பார்வையிட்டார். அப்பொறி 1888இல் சிட்னி அரும்பொருட்சாலைக்கு அளிக்கப்பட்டு இன்றும் பேணப்படுகின்றது. குதிரையின் வேலையைச் செய்யும் பொறியின் பயனை உடனே கண்ட கண், சிறு கருவியின் பயனைக் காணவில்லை. வலியைப் பெருக்குவது கண்ணுக்குத் தோன்றும். அறிவைப் பெருக்குவது எளிதிற் புலப்படுவதில்லை.

சுழல்வாரி வலியைத் தந்ததேயன்றிக் கட்டிபடுதலை அடியோடு நீக்கவில்லை. அதனை நீக்கியவர் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டீல். 1853இல் உரிமைப்பத்திரம் பெற்ற அவரது கருவி, தொட்டிக்கு வெளியே கிடையாகப் பொருத்தப்பட்ட ஓர் உருளை. மாவும் வெந்நீரும் ஒருங்கே அதனுட் புகும். சுழலும் தண்டிலுள்ள கோல்கள் அவற்றைப் பிசைந்து தள்ள, கட்டியற்ற கூழ் தொட்டியில் விழும். தொட்டி நிறைந்தபின் கட்டியை உடைப்பதை விட்டு, நிறையும்போதே கட்டி தோன்றாது தடுத்தமையே இதன் சிறப்பு. இம்முறையைத் தழுவிய கருவிகள் இன்றும் பிரித்தானியாவில் வழக்கிலுள்ளன.

மூன்றாவது பணி பிரித்தல். முற்காலத்தில் ஆங்கிலேயர் ஒரே மோல்ற்றில் மும்முறை நீர் பெய்து, முதற்சாற்றால் வலிய சரக்கையும் பிற்சாறுகளால் மெலிந்த சரக்குகளையும் ஆக்கினர். ஸ்கொத்லாந்தரோ ஒருமுறை கூழ்பிசைந்து, சாறு வடியும்போதே சக்கையின்மீது வெந்நீரைத் தெளித்து எஞ்சிய வெல்லத்தைக் கழுவியெடுத்தனர். இதற்கென அமைந்த துளைக்குழாய், தன்னிலிருந்து பீறிடும் நீரின் மறுதாக்கத்தாலே தானே சுழல்வது. நியூற்றனின் மூன்றாம் விதியை அதிலும் எளிதாக விளக்கும் கருவியைக் காண்டல் அரிது.

வடித்தலில் ஓர் இருதலைச் சிக்கல் உண்டு. மணியை நுண்ணிதாக அரைத்தால் வெல்லம் மிகுதியாகக் கிடைக்கும். ஆனால் வடிகட்டியாகப் பயன்படவேண்டிய உமியும் பொடிபட்டுச் சாறு வடியாது நின்றுவிடும். பருவெட்டாக உடைத்தாற் சாறு நன்கு வடியும், வெல்லமோ குறையும். இதற்கு இரு தீர்வுகள் காணப்பட்டன. பிசைதலுக்கு ஒரு கலமும் வடித்தலுக்கு வேறொரு கலமுமாகப் பிரித்து, வடிகலத்தை அகன்று ஆழங்குறைந்ததாக அமைத்து, சக்கைப் படுகையைச் சுழலும் கத்திகளாற் கீறி நீருக்கு வழிவிடுதல் ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உருவாகிய அழுத்த வடிகட்டி மற்றையது. அதிலே தட்டுகளிடையே பொருத்திய துணியே வடிகட்டியாதலின் உமியின் துணை வேண்டியதில்லை; மணியை மாவாகவே அரைக்கலாம். இன்று துருவேறா உருக்காலான கலங்களும், கொதிநீராவி சூழ்ந்த சுவர்களும், தாமே இயங்கும் வெப்பக் கட்டுப்பாடும் வந்துள்ளன. எனினும் அவை நிறைவேற்றுவன அதே மூன்று பணிகளேயாம்.

தொட்டியினுள்ளே நிகழ்வது யாது எனும் வினா இரசாயனத்தையும் வளர்த்தது. 1833இல் பரிசிலே பாயன், பெர்சோ என்னுமிருவர் மோல்ற்றிலிருந்து மாப்பொருளை மாற்றும் பதார்த்தத்தைப் பிரித்தெடுத்து டயசுத்தேசு எனப் பெயரிட்டனர். நொதியங்களுள் முதன்முதலாகப் பிரித்தறியப்பட்டது அதுவே. அமிலச்செறிவைக் குறிக்கும் பீ.எச். அளவுகோலை 1909இல் வகுத்த சோறன்சன், கொப்பன்ஹேகனில் பியர்த் தொழிலுக்கென 1875இல் நிறுவப்பட்ட கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்திற் பணியாற்றியவர். கூழின் பீ.எச். பெறுமானம் 5.2 முதல் 5.6 வரையில் இருத்தல் நன்று என்பதும், நீரிலுள்ள கல்சியம் அதனைக் குறைக்க உதவுகின்றதென்பதும் பின்னர்த் தெளிவாயின.

எல்லாவற்றினும் சிறந்த சான்று யூலின் வாழ்க்கை. 1818இல் மஞ்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள சல்போட்டிற் பிறந்த ஜேம்ஸ் பிறெஸ்கொற் யூல், பியர் ஆக்கும் குடும்பத்தின் மைந்தர். தாமும் அச்சாலையின் பணிகளிற் பங்குகொண்டவர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். பொறிமுறை வேலை வெப்பமாக மாறும் விகிதத்தை அவர் அளந்தபோது, கிடைத்த வெப்பநிலை ஏற்றம் பாகையின் சிறு பின்னமே. அத்துணை நுண்ணிய வேறுபாட்டை நம்புவதெப்படி என அறிஞர் ஐயுற்றனர். யூலோ பரனைற்றுப் பாகையின் 200இல் ஒரு பங்கு வரை வாசிக்கத்தக்க வெப்பமானிகளைச் செய்வித்து, பொறுமையோடு அளந்து, 1850இல் தம் முடிவை நிறுவினார். ஒரு பாகையின் பின்னத்தையும் பொருட்படுத்தும் பழக்கம் அவருக்குத் தொழிற்சாலையிலே வாய்த்ததென விஞ்ஞான வரலாற்றறிஞர் சிலர் கூறுவர். வெப்பமானியைத் தொழிற்சாலைக்கு விஞ்ஞானம் கொடுத்தது. நூறாண்டு செல்லுமுன் தொழிற்சாலை வெப்பமானியோடு ஒரு விஞ்ஞானியையே திருப்பிக் கொடுத்தது.

கூழ்த்தொட்டியின் வரலாறு உணர்த்துவது இதுவே. கண்ணாலும் கையாலும் மதிப்பிட்ட ஒன்றை, எவ்வளவு என ஒருவர் வினவிய ஒவ்வொரு வேளையிலும் அத்தொழில் ஒருபடி உயர்ந்தது. அவ்வினாவை எழுப்பியோர் பெரும்பாலும் தொட்டியின் அருகே நின்றவர்களே. கைத்தொழிலைக் கல்லாதார்க்குரியதென ஒதுக்கும் கல்வியும், அளத்தலை வீண்முயற்சியென ஒதுக்கும் தொழிலும் ஒருங்கே குறைபாடுடையன. சூளையருகிலும், தறியருகிலும், உப்பளத்தின் வரம்பிலும் இன்றும் அளக்கப்படாதன பல உள. வெப்பமானி கைக்கொண்ட மாணவன் அவற்றை நாடிச் செல்வானாயின், அவன் கற்பது தொழிலுக்கு மட்டுமன்றி விஞ்ஞானத்துக்கும் ஆக்கமாகும்.